பிரித்துப் பின்னுங்கள்!

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அன்றிலிருந்து இந்த ஊருக்கு நூல்தான் சோறு. இன்று மில்லுக்கு மில் ஆயிரக்கணக்கான கதிர்கள் இரவு பகலாகச் சுழல்கின்றன. சத்திரப்பட்டிப் பக்கம் போனால் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி தறி தறியாக ஓடுகிறது. நூற்க இயந்திரம் உண்டு. நெய்ய இயந்திரம் உண்டு. ஸ்வெட்டர் பின்னவும் பனியன் பின்னவும் இயந்திரம் உண்டு. ஆனால் குரோஷா ஊசி பின்னுகிற பின்னலை அப்படியே பின்னிச் சந்தைக்குக் குவிக்கும் இயந்திரம் இன்றுவரை உலகில் எந்த ஊர் ஆலையிலும் ஓடவில்லை!

யோசித்துப் பாருங்கள். எந்த நாட்டுக் கடையில் ஒரு குரோஷா பொம்மை தொங்கினாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு மனிதக் கைதான் போட்டிருக்கிறது. கோடி கோடியாய்ப் பணம் போட்டு எழுப்பிய ஆலைகளுக்கு வராத வித்தை அது. ஓர் ஊசியும் ஓர் உருண்டை உல்லன் நூலும் இருந்தால் உங்களுக்கு வரும்.

பிறகு ஏன் அந்த ஊசியைக் கீழே வைத்தீர்கள்?

தலை கோணியதாலா? ஒரு கால் பெரிதாகவும் ஒரு கால் சிறிதாகவும் வந்ததாலா? ஆசையாய்ப் பின்னிய நாய்க்குட்டியைப் பார்த்து வீட்டுக்கு வந்த ஒருவர் "இது ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டதாலா? இந்த ஒரு கேள்விக்காக எத்தனை பெண்கள், எத்தனை பிள்ளைகள் ஊசியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள்! கோணிய தலை யாரையும் வீழ்த்தியதில்லை. "எனக்கு இது வராது" என்று தனக்குத்தானே எழுதிக்கொண்ட தீர்ப்புதான் அவர்களை வீழ்த்தியது. அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போடுங்கள். பிழையைக் கையில் எடுங்கள். அதைப் படியுங்கள்!

பிழைக்கு முகவரி உண்டு

குரோஷா பொம்மை என்பது கண்ணாலும் விரலாலும் எண்ணக்கூடிய கணக்கு. ஜப்பானில் அமிகுருமி என்ற பெயரில் வளர்ந்து உலகெங்கும் பரவிய இந்தப் பொம்மைக் கலையின் அடிப்படை மிக எளிது. நூலை ஒரு வளையமாகச் சுற்றி, அதற்குள் ஆறு சிங்கிள் குரோஷே போடுகிறீர்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டுப் பன்னிரண்டு. அதற்கடுத்த சுற்றில் பதினெட்டு. பிறகு இருபத்து நான்கு, முப்பது, முப்பத்தாறு. சுற்றுக்கு ஆறு கூட்டினால் தட்டையான வட்டம். கூட்டுவதை நிறுத்திச் சுற்றிக்கொண்டே போனால் அது கிண்ணமாக எழும்பும். எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போனால் வாய் சுருங்கி உருண்டையாக மூடிக்கொள்ளும். நாயின் தலை, அணிலின் வயிறு, யானையின் பாதம் எல்லாமே இந்தக் கூட்டல் கழித்தலுக்குள் அடக்கம்.

இப்போது உங்கள் வட்டம் அப்பளம் போல ஓரத்தில் நெளிகிறதா? கண்ணி கூடிவிட்டது. தட்டையாக வரவேண்டியது முன்கூட்டியே குழிகிறதா? கண்ணி குறைந்துவிட்டது. எந்தச் சுற்றில் நெளியத் தொடங்கியதோ, அந்தச் சுற்றை எண்ணுங்கள். முப்பது இருக்கவேண்டிய இடத்தில் முப்பத்திரண்டு இருக்கும். அவ்வளவுதான்! பொம்மை முழுவதும் தவறு இல்லை. உங்கள் கை தவறு இல்லை. உங்கள் தலையெழுத்து தவறு இல்லை. ஐந்தாவது சுற்றில் இரண்டு கண்ணி தவறு. பிழைக்குத் தெரு எண்ணும் கதவு எண்ணும் இருக்கும்போது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று ஊர் முழுவதற்கும் தீ வைப்பது என்ன நியாயம்?

வாழ்க்கையில் பெரும்பாலான மனிதர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். தேர்வில் ஒரு பாடம் போனால் படிப்பே வராது என்கிறோம். கடையில் ஒரு மாதம் நட்டம் வந்தால் வியாபாரமே நமக்கு ஆகாது என்கிறோம். எந்தச் சுற்று, எத்தனை கண்ணி என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கத் துணிந்தவருக்குப் பிழை சிறுத்துப் போகும். எண்ணாமல் அழுகிறவருக்கு அது மலையாக நிற்கும்.

ஒரு ராஜபாளையம் நாயைப் பின்னிப் பாருங்கள்

2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அதில் இடம்பிடித்தது ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடல், ரோஜா நிற மூக்கு, நீண்ட முகம், மடிந்து தொங்கும் காது, ஒட்டிய வயிறு. இதைப் பொம்மையாகப் பின்ன உட்காருங்கள். பிழைகள் வரிசையில் நின்று வரும். வரட்டும்! ஒவ்வொன்றும் ஒரு பாடம் சொல்லிவிட்டுத்தான் போகும்.

முதலில் முகம். கிடைக்கிற மாதிரிகளில் பெரும்பாலானவை உருண்டைத் தலைக்குத்தான். அதை அப்படியே பின்னினால் மூக்கு சப்பிய வேறு நாட்டு நாய்தான் வரும். நீண்ட முகம் வேண்டுமானால் மூஞ்சியைத் தனியாக, எண்ணிக்கை கூட்டாமல் குழாய் மாதிரி பல சுற்று பின்னித் தலையில் தைக்கவேண்டும். பிறருடைய அளவு நம் நாய்க்குப் பொருந்தவில்லை என்பதை அந்தச் சப்பை மூக்குதான் காட்டிக்கொடுத்தது.

அடுத்து காது. தலையின் உச்சியில் தைத்தால் விறைத்து நிற்கும். ஓநாய் வந்துவிடும். இரண்டு சுற்று கீழே இறக்கித் தைத்தால் மடிந்து தொங்கும். ராஜபாளையம் நாய் வந்துவிடும். இரண்டே சுற்று! தைப்பதற்கு முன் குண்டூசியால் குத்தி வைத்து, நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எப்படி வந்தது? ஓநாயைப் பெற்றெடுத்த பிறகுதான் வந்தது.

கால்களைப் பாருங்கள். நான்கு காலுக்கும் ஒரே எண்ணிக்கைதான் போட்டீர்கள். ஆனாலும் ஒன்று பருத்து ஒன்று மெலிந்து நிற்கிறது. காரணம் எண்ணிக்கையில் இல்லை, இழுப்பில் இருக்கிறது. கோபமாக உட்கார்ந்த அன்று கை நூலை இறுக்கியிருக்கிறது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பின்னிய அன்று தளர்த்திவிட்டிருக்கிறது. நம் மனநிலையை நம்மைவிட நேர்மையாகப் பதிவுசெய்கிறது நூல்! ஆகவே நான்கு கால்களையும் ஒரே அமர்வில், இடைவெளி விடாமல் பின்னிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

சிலருக்குப் பொம்மை முழுவதுமே தொளதொளவென்று வரும். மாதிரி எந்த நாட்டுக்காரர் எழுதியது என்று பாருங்கள். அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் இங்கிலாந்துக்காரர் டபுள் குரோஷே என்கிறார். பெயரை நம்பி வேறு பின்னலைப் போட்டிருப்பீர்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இனி எந்த மாதிரியை எடுத்தாலும் முதலில் அதைக் கேட்பீர்கள். ஆயிரம் பேர் அறியாத ஒன்று இன்று உங்களுக்குத் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக்குப் போவோம். 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காக அங்கே சரணாலயம் அமைந்தது. 2021-இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. செண்பகத்தோப்பு மரக்கிளைகளில் உடம்பளவுக்கு நீண்ட வாலோடு தாவுகிற அந்த அணிலைச் சாம்பல் நூலில் பின்னுகிறீர்கள். கண்ணிகளுக்கு நடுவே உள்ளிருக்கும் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. ஊசி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். நூல் உறையில் 4 மில்லிமீட்டர் ஊசி என்று போட்டிருந்தாலும், பொம்மைக்கு 3 அல்லது 2.5 எடுங்கள். பஞ்சை அளவுக்கு மீறித் திணித்தாலும் கண்ணி விரியும். திணிக்காமல் விட்டாலோ கழுத்து தொங்கும். பழைய தலையணையின் இலவம் பஞ்சை அடைத்தால் துவைத்ததும் கட்டி தட்டும். ரெக்ரான் பஞ்சு துவைத்தாலும் எழும்பும். இவ்வளவையும் எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன ஓர் அணில் சொல்லித் தந்தது.

பிரிக்கிற கை பலவீனமான கை அல்ல

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தவறு தெரிந்துவிட்டது. பத்துச் சுற்றுக்குக் கீழே இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

"இவ்வளவு பின்னிவிட்டேனே, ரெண்டு மணி நேரம் போச்சே" என்று மனம் கெஞ்சும். அப்படியே மேலே மேலே பின்னச் சொல்லும். பின்னினால் அந்தக் கோணல் வளரும். தலை முழுவதும் கோணும். கடைசியில் ரெண்டு மணி நேரம் அல்ல, ரெண்டு நாள் போகும். துணிந்து ஊசியை உருவுங்கள். நூலைப் பிடித்து இழுங்கள். சரசரவென்று பிரிந்து வரும்!

குரோஷாவின் பெருமையே இதுதான். இரண்டு ஊசி வைத்துப் பின்னும் ஸ்வெட்டரில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் திறந்தே இருக்கும். ஊசியை உருவினால் எது எங்கே அவிழும் என்று நெஞ்சு படபடக்கும். குரோஷாவில் எந்த நேரமும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணிதான். மற்றவை பூட்டிக் கிடக்கின்றன. பிரித்தால் வரிசை தவறாமல், பின்னிய வழியிலேயே திரும்பி வரும். பிழை இருக்கும் கண்ணியில் நிறுத்திக்கொள்ளலாம். நூல் ஒரு முழம்கூட வீணாகாது. திருத்திக்கொள்ள வழி வைத்தே பிறந்த கலை இது. அந்த வழியைப் பயன்படுத்த ஏன் கூசுகிறீர்கள்?

நம் ஊர் மில்லுக்குள் போய்ப் பாருங்கள். கண்டையில் சுற்றிய நூல் ஆட்டோகோனர் இயந்திரத்தில் பெரிய கோனுக்கு மாறும்போது, ஒரு கருவி ஓடும் நூலை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கிறது. தடித்த இடம் வந்தால் வெட்டு! மெலிந்த இடம் வந்தால் வெட்டு! வெட்டிய முனைகளைக் காற்றழுத்தத்தால் இணைத்து அடுத்த நொடி மறுபடி ஓட்டுகிறது. நாளெல்லாம் வெட்டுகிறது, நாளெல்லாம் இணைக்கிறது. அதனால்தான் அந்த நூல் ஊர் கடந்து விலை போகிறது. குறையை மறைத்துச் சுற்றி அனுப்பியிருந்தால் தறியில் அறுந்து ராஜபாளையத்தின் பெயரே அறுந்திருக்கும். பிழையை வெட்டி எடுப்பது நம் ஊருக்குத் தினசரித் தொழில். அந்த ஊரில் பிறந்த நீங்கள் பத்துச் சுற்றைப் பிரிக்கப் பயப்படலாமா?

பயம் போகவேண்டுமானால் பிழையைச் சீக்கிரம் பிடியுங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஒரு சிவப்பு நூல் துண்டைக் கட்டி வையுங்கள். சுற்று முடிந்ததும் எண்ணுங்கள். பொம்மைப் பின்னல் திருகுச் சுற்றாக ஓடுவதால் அடையாளம் இல்லாவிட்டால் தொடக்கம் எங்கே என்றே தெரியாது. ஒரு சுற்றில் பிடித்த பிழைக்கு ஒரு நிமிடம்தான் விலை.

நெளிந்த வட்டம் கணிதம் ஆன கதை

பிழை திருந்துவது ஒரு வெற்றி. சில நேரம் அதே பிழை இன்னொரு கதவையும் திறக்கும். லாட்வியாவில் பிறந்த கணித அறிஞர் டைனா டைமினா, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1997-இல் குரோஷா ஊசியை எடுத்தார். ஹைப்பர்போலிக் தளம் என்றொரு வளைந்த வெளியை மாணவர்களுக்குக் கையில் கொடுத்துக் காட்டவேண்டும். காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் தொட்டாலே கிழிந்தன. அவர் சீரான கணக்கில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனார். நெளிந்து நெளிந்து மடிந்து வந்தது ஒரு வடிவம். கையால் பிடித்து வளைத்து ஆராயக்கூடிய ஹைப்பர்போலிக் தளம்!

எந்த நெளிவைப் பார்த்து நீங்கள் கண் கலங்கினீர்களோ, அதே நெளிவு ஒரு பல்கலைக்கழக வகுப்பறையில் பாடமானது. 2005-இல் மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் அதே வழியில் குரோஷாவில் பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கினார்கள். கணக்கைச் சற்றே மாற்றி, விதியைச் சற்றே மீறி, கடலின் விதவிதமான உருவங்களைக் கொண்டுவந்தார்கள். உலகின் பல நாட்டுப் பெண்கள் அதில் கைகோத்தார்கள். டைமினாவுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். எந்தச் சுற்றில் எத்தனை கூடியது என்பது அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்தால் பிழை. தெரிந்துகொண்டால் அது உங்கள் ஆயுதம்!

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். பொம்மையின் பெயர், ஊசியின் அளவு, பிழை வந்த சுற்று, காரணம், திருத்திய விதம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். ஓர் ஆண்டில் அந்த நோட்டு யாரிடமும் விலைக்குக் கிடைக்காத புத்தகமாகிவிடும்.

தினம் ஒரு கிளி

கைத்திறனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரைவிட வேறு பள்ளி எதற்கு? ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியைப் பார்த்திருக்கிறீர்களா? மாதுளம்பூவில் அலகு. மரவள்ளி இலையில் உடல். துணியும் இல்லை, பஞ்சும் இல்லை. இலையையும் பூவையும் நாரையும் கொண்டே ஒரு பறவையை உட்கார வைத்துவிடுகிறார்கள். மணிக்கணக்கில் உழைத்துக் கட்டிய அந்தக் கிளி ஒரு நாளுக்குத்தான். மறுநாள் புதிய இலை, புதிய பூ, புதிய கிளி!

நேற்றுக் கட்டிய கிளி எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்றைக்கு உதவாது. நேற்று இலை சற்றுப் பிசகியிருந்தாலும் அது இன்றைக்கு ஒட்டாது. தினமும் முதலிலிருந்து. தலைமுறை தலைமுறையாக முதலிலிருந்து! அப்படித் தொடங்கித் தொடங்கித்தான் அந்த விரல்களுக்கு அந்த வேகமும் நுட்பமும் வந்தன. உங்கள் நூல் வாடுவதில்லை. நாளைக்கும் இருக்கும், அடுத்த மாதமும் இருக்கும். ஒரே ஒரு பொம்மை சரியாக வரவில்லை என்று ஓய்ந்துபோக உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஊசிமுனையில் விடுதலை

"பொம்மை பின்னி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு நாகர்கோவிலைக் காட்டுங்கள். 1819-இல் அங்கே வந்த மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். குரோஷா ஊசி அல்ல, சிறு கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் வேறு வகை. ஆனால் அதே பொறுமை, அதே எண்ணிக்கை, அதே பிரித்துப் பின்னல். திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவிய காலம் அது. லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கிய பெண்கள் அங்கே இருந்தார்கள். மார்த்தாவின் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கலையையும் கொண்டுவந்தார். இழை சிக்கியது என்று அந்தப் பெண்கள் எழுந்து போயிருந்தால்?

அது பழைய கதை என்பவர்களுக்குச் சென்னையைக் காட்டுங்கள். 2016 ஜனவரி 31 அன்று, சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியா'ஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் ஒரு குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பல ஊர்ப் பெண்கள் பின்னிய துண்டுகளை இணைத்த போர்வை அது. தனித்தனி வீட்டில், தனித்தனிக் கையில் பிறந்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டுமானால் அளவு பிசகக்கூடாது. பிசகினால் பிரிக்கவேண்டும். உலகச் சாதனையும் பிரித்துப் பின்னிய கைகளின் மேல்தான் நிற்கிறது.

எதைப் பிரிப்பது, எதை விடுவது?

ஒன்றை உரக்கச் சொல்லவேண்டும். ஒவ்வொரு சின்னக் குறைக்கும் பிரித்துக்கொண்டே இருப்பதும் கோழைத்தனத்தின் இன்னொரு முகம்தான். முடித்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்ற பயத்தில் முடிக்காமலே பிரித்துப் பிரித்துக் காலம் கடத்துகிறவர்கள் உண்டு. ஆகவே அளவுகோல் வேண்டும்.

குழந்தைக்கு ஆபத்தா? யோசிக்காமல் பிரியுங்கள். பிளாஸ்டிக் கண் ஆடுகிறது என்றால் அந்தப் பொம்மை வெளியே போகக்கூடாது. பின்பக்க வளையத்தை அழுத்திப் பூட்டிவிட்டால் கண்ணைக் கழற்ற முடியாது. அதனால் இடத்தை முடிவுசெய்த பிறகே பூட்டுங்கள். மூன்று வயதுக்குக் கீழான குழந்தைக்குப் பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம், நூலால் தையுங்கள்.

குறை வளருமா? கண்ணிக் கணக்கு தவறினால் மேலே போகப் போகக் கோணும். பிரியுங்கள்.

உருவம் கெடுமா? நாய் ஓநாயாகிறதென்றால் பிரியுங்கள்.

மூன்றுக்கும் இல்லை என்பதுதான் பதிலா? முதுகுப் பக்கம் ஒரு கண்ணி சற்றுப் பெரிதாக விழுந்திருக்கிறதா? விடுங்கள். நோட்டில் எழுதிவிட்டு முன்னேறுங்கள். அடுத்த பொம்மை காத்திருக்கிறது!

எழுந்திருங்கள்

பிள்ளைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மைகளில் பனிக்கரடியும் பாண்டாவும் இருக்கின்றன. நம் மலையின் சாம்பல் அணில் எங்கே? நம் ஊரின் வெள்ளை நாய் எங்கே? ஆண்டாள் கையில் அமர்ந்த கிளி எங்கே? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாங்க வெளியூர்க்காரர்கள் வரும் தெருவில், நம் கையால் பின்னிய அணிலும் ஏன் விலை போகக்கூடாது? வெளிநாட்டில் அமர்ந்து யாரோ இவற்றைப் பின்னப்போவதில்லை. அந்த அணிலின் வால் எவ்வளவு நீளம் என்பதும், அந்த நாயின் மூக்கு என்ன நிறம் என்பதும் பார்த்து வளர்ந்த உங்களுக்குத்தான் தெரியும்.

முதல் அணில் கோணும். கோணட்டும். இரண்டாவதின் வால் தொங்கும். தொங்கட்டும். சிரிப்பவர் சிரிக்கட்டும். சுற்றை எண்ணுங்கள், காரணத்தைக் கண்டுபிடியுங்கள், பிரியுங்கள், பின்னுங்கள். நன்றாக வந்த பொம்மைக்கு, நூலின் விலையோடு உங்கள் உழைப்புக்கும் சேர்த்துத் தலைநிமிர்ந்து விலை சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும்போது நல்ல பொம்மையோடு உங்கள் பிழை நோட்டையும் அவள் கையில் கொடுங்கள். நீங்கள் ஓர் ஆண்டில் தாண்டியதை அவள் ஒரு மாதத்தில் தாண்டட்டும். அப்படித்தான் ஒரு கை பத்துக் கையாகும். பத்துக் கை ஓர் ஊரின் தொழிலாகும்!